6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு: ஒரு 1964 பீட்டிலின் வயரிங் வேலை

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு என் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருக்கு முன்னால் போய் நின்றேன். இரண்டு விளக்கும் செம்மஞ்சளாக, அணையப்போகிற அடுப்புக்கங்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தன. மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தால் 6.1 வோல்ட் காட்டியது. விளக்கை அணைக்காமல் அப்படியே இடது பல்பின் பின்னால் வைத்து அளந்தால் 4.9. பேட்டரியிலிருந்து பல்புக்குப் போகிற வழியில் 1.2 வோல்ட் காணாமல் போயிருந்தது.

பன்னிரண்டு வோல்ட் காரில் 1.2 வோல்ட் குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான். ஆறு வோல்ட் காரில் அது ஐந்தில் ஒரு பங்கு. இழை பல்பின் குணம் என்னவென்றால், வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு போனால் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடும். என் பீட்டிலின் முன்னால் இருந்த இருட்டுக்குக் காரணம் இதுதான்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் '6 வோல்ட்டே இப்படித்தான், உடனே 12-க்கு மாற்றிவிடு' என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தக் கார் புதிதாக வந்தபோது இதே 6 வோல்ட்டில்தான் இரவெல்லாம் ஓடியது. அதனால் முதலில் தொலைந்துபோன 1.2 வோல்ட்டைத் தேடினேன். விளக்குக் கிண்ணத்தின் எர்த் திருகில் (மின்சாரம் காரின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில்) துரு. ஃபியூஸ் பெட்டியில் ஃபியூஸைப் பிடிக்கும் பித்தளை நாக்குகளில் களிம்பு. பேட்டரியின் மைனஸ் பட்டை பாடியில் சேரும் இடத்தில், போல்ட்டுக்கு அடியிலேயே பெயின்ட். எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். இரண்டு சாயங்கால வேலை. பல்பில் 5.6 வோல்ட் வந்தது. அதே பல்ப், அதே பேட்டரி. ஆனால் எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சம் வேறு காருடையது போல இருந்தது.

உங்கள் காரில் விளக்கு மங்கல் என்பது மட்டுமே குறை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பேன். நான் நிறுத்தாததற்குக் காரணங்கள் வேறு. 6 வோல்ட் பேட்டரியும் பல்பும் தேவைப்படுகிற நேரத்தில் கைக்குக் கிடைப்பதில்லை. நடுவழியில் பேட்டரி இறங்கினால் வேறு எந்த வண்டியிலிருந்தும் கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ண முடியாது. எஞ்சின் ஓட ஓடப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவும், அந்தச் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரான கட்அவுட்டும் எப்படியும் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டன. மாற்றத்தான் போகிறோம் என்றால் ஒரே தடவையாக 12-க்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன்.

நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் செவ்ரொலே 1955-லும் ஃபோர்டு 1956-லும் 12 வோல்ட்டுக்குப் போய்விட்டன. பெரிய எஞ்சின், அதிக கம்ப்ரஷன். அதைச் சுழற்றவும் பொறி கொடுக்கவும் 6 வோல்ட் திணறியது. சின்ன எஞ்சின் வைத்திருந்த ஃபோக்ஸ்வாகனுக்கு அந்த அவசரம் இல்லை. அமெரிக்காவுக்குப் போன பீட்டில்களில் 1967 மாடலில்தான் 12 வோல்ட் வந்தது. எனவே என் 1964 காருக்கு நான் செய்ய நினைத்தது, கம்பெனி மூன்று வருடம் கழித்துச் செய்ததைத்தான்.

கணக்கு

கையில் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு நோட்டில் கணக்குப் போட்டேன். 45 வாட் ஹெட்லைட் பல்ப் 6 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் 15. வயர், சுவிட்ச், ஃபியூஸ் எல்லாம் சேர்ந்து வழியில் வெறும் 0.04 ஓம் தடை இருந்தாலே 0.6 வோல்ட் போய்விடும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. அதே 45 வாட் பல்புகள் 12 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து 7.5 ஆம்பியர்தான் இழுக்கும். அதே 0.04 ஓமில் 0.3 வோல்ட் போகும். நாற்பதில் ஒரு பங்கு. வோல்டேஜ் இரண்டு மடங்கானால் இழப்பின் விகிதம் நான்கில் ஒன்றாகிவிடுகிறது.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. 6 வோல்ட்டுக்காகப் போட்ட தடித்த வயர்கள் 12 வோல்ட்டுக்குத் தாராளம். வயரிங்கை முழுசாக மாற்றத் தேவையில்லை. உறை வெடித்து உதிராமல் இருந்தால் போதும். நேர்மாறாகச் செய்யத்தான் கூடாது. 12 வோல்ட் காரின் மெல்லிய பேட்டரி கேபிளை 6 வோல்ட் காரில் போட்டுவிட்டு 'செல்ஃப் இழுக்கவில்லை' என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபியூஸ்களையும் தொடவில்லை. ஃபியூஸ் காப்பது வயரை. வயர் அதேதான், ஓடும் மின்சாரம் முன்பைவிடக் குறைவு. அதனால் பழைய 8, 16 ஆம்பியர் பீங்கான் ஃபியூஸ்களே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் காரில் மின்சாரம் தின்னும் ஒவ்வொரு பொருளையும் எழுதி எதை மாற்றுவது, எதை விடுவது, எதற்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுப்பது என்று குறித்தேன். பேட்டரி, டைனமோ, கட்அவுட், காயில் (பிளக்கில் பொறி வர வோல்டேஜைப் பெருக்கும் சுருள்), எல்லா பல்புகளும், இண்டிகேட்டர் ஃப்ளாஷர், ஹாரன், கார்புரேட்டரின் ஆட்டோ சோக் எலிமென்ட் ஆகியவற்றை மாற்றியே ஆகவேண்டும். பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை), கண்டன்சர், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக், சுவிட்சுகள், ஆயில் பிரஷர் சுவிட்ச், பிரேக் லைட் சுவிட்ச் எதற்கும் வோல்டேஜ் பேதம் கிடையாது. 1964 பீட்டிலில் பெட்ரோல் கேஜ் கம்பியால் இயங்குவது. மின்சாரமே இல்லை, அதில் ஒரு தலைவலி குறைந்தது. நின்று யோசிக்க வைத்தவை இரண்டு: எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரும் வைப்பர் மோட்டாரும்.

டைனமோ

மொத்த வேலையில் பாதி நேரத்தை இதுதான் எடுத்துக்கொண்டது. பீட்டிலில் டைனமோ வெறும் டைனமோ இல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் ஃபேன் அதன் தண்டின் மறுமுனையில்தான் மாட்டியிருக்கிறது. சார்ஜ் நின்றதைக் காட்டும் டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு எரிந்தால் சார்ஜ் மட்டும் நிற்கவில்லை, பெல்ட் அறுந்து காற்றும் நின்றிருக்கலாம். உடனே வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்பதும் இதனால்தான்.

பேட்டரியின் எர்த்தைக் கழற்றினேன். எந்த வேலைக்கும் முதலில் கழற்ற வேண்டியதும் கடைசியில் மாட்ட வேண்டியதும் அதுதான். பெல்ட்டை எடுக்க, மேல் புல்லியின் விளிம்பில் உள்ள வெட்டில் ஒரு திருப்புளியைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு 21 மி.மீ. நட்டைத் திருக வேண்டும். புல்லி இரண்டு தட்டாகப் பிரியும். நடுவிலும் வெளியிலும் இருக்கும் மெல்லிய வாஷர்களை எண்ணி, எது எங்கே இருந்தது என்று எழுதி வைத்துக்கொண்டேன். பெல்ட்டின் இறுக்கம் இந்த வாஷர்களில்தான் இருக்கிறது. தட்டுகளுக்கு நடுவில் வாஷர் குறைந்தால் பெல்ட் இறுகும், கூடினால் தளரும். கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 15 மி.மீ. அமுங்க வேண்டும்.

கார்புரேட்டரைக் கழற்றி, டைனமோவைச் சுற்றிய இரும்புப் பட்டையைத் தளர்த்தி, ஃபேன் மூடியின் நான்கு போல்ட்டுகளை எடுத்து, ஃபேனைச் சூழ்ந்த தகரக் காற்றுக்கூண்டைக் கொஞ்சம் மேலே தூக்கியதும் டைனமோவும் ஃபேனும் ஒன்றாக வெளியே வந்தன.

பழைய 6 வோல்ட் டைனமோவின் உடம்பு 90 மி.மீ. விட்டம். நான் வாங்கிய 12 வோல்ட் டைனமோ 30 ஆம்பியர் வகை, 105 மி.மீ. பழைய ஸ்டாண்டில் அது உட்காராது. எனவே ஸ்டாண்டையும் மாற்ற வேண்டும். பீட்டிலில் எஞ்சின் ஆயில் ஊற்றும் வாய் அந்த ஸ்டாண்டோடு சேர்ந்தது. அதைத் தூக்கினால் கீழே எஞ்சினின் வயிறு திறந்துகிடக்கும். நான்கு நட்டைக் கழற்றுவதற்கு முன் சுற்றிலும் பிரஷ்ஷால் மண்ணைத் துடைத்தேன். தூக்கிய அடுத்த நொடி சுத்தமான துணியை ஓட்டையில் அடைத்தேன். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் எஞ்சினையே பிரிக்க நேரும். ஸ்டாண்டுக்கு அடியில் ஆயில் தடுப்புத் தகடு ஒன்று வரும். அதன் செதில்கள் கீழ்நோக்கி இருக்கும்படி, இரண்டு பக்கமும் புது கேஸ்கட் வைத்து மூடினேன்.

புது டைனமோவைக் காரில் ஏற்றுவதற்கு முன் மேசையில் வைத்தே ஒரு சோதனை செய்தேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. டி.எஃப். முனையை (உள்ளே காந்தம் உண்டாக்கும் சுருளின் முனை) டைனமோவின் உடம்போடு ஒரு சின்ன வயரால் இணைத்தேன். 12 வோல்ட் பேட்டரியின் மைனஸை உடம்பில் கொடுத்து, பிளஸ்ஸை, சார்ஜ் வெளியே வரும் டி பிளஸ் முனையில் தொட்டதும் டைனமோ மோட்டார் மாதிரி மெதுவாகச் சுழன்றது. இதில் இரண்டு காரியம் முடிகிறது. உள்ளே சுருளும் கார்பனும் நன்றாக இருப்பது தெரிந்துவிடும். கூடவே, அதன் இரும்பில் தங்கும் காந்தத்தின் திசையும் பேட்டரிக்கு ஏற்றபடி அமைந்துவிடும். இந்தக் காந்தம் தலைகீழாக இருந்தால் டைனமோ தலைகீழாகவே சார்ஜ் கொடுக்கும், கட்அவுட் கருகும்.

அடுத்து ஃபேன். 36 மி.மீ. நட்டை இறுக்கி மாட்டிக் கையால் சுற்றினேன். 'கிரிச்' என்று ஒரு உரசல். ஃபேனின் பின்விளிம்பு மூடித் தகட்டைத் தொட்டது. இரண்டுக்கும் இடையில் சுமார் 2 மி.மீ. இடைவெளி வேண்டும். அதையும் வாஷர்கள்தான் தீர்மானிக்கின்றன. ஆனால் இவை ஃபேனுக்கும் அதன் குடத்துக்கும் (ஹப்) நடுவில் உட்காருபவை. மறுபடி கழற்றி ஒரு வாஷரைக் கூட்டினேன். உரசல் போனது, ஆனால் இடைவெளி ஒரு பக்கம் 2.5, எதிர்ப்பக்கம் 1.5. மூடித் தகடு லேசாக வளைந்திருந்தது. அதைத் தட்டையான பலகையில் வைத்து மரச்சுத்தியால் தட்டி நேராக்கி, மூன்றாம் முறை மாட்டியபோதுதான் சுற்றிலும் ஒரே அளவு வந்தது. கையால் சுண்டிவிட்டால் சத்தமே இல்லாமல் நாலு சுற்று சுற்றி நின்றது. அந்த நேரத்தில் கிடைத்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

காற்றுக்கூண்டின் அடிப்பகுதி டைனமோவின் பருத்த உடம்பில் இடித்தது. இடிக்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, விளிம்புக்குப் பெயின்ட் அடித்தேன்.

பழைய கட்அவுட் டைனமோவின் தலைமேலேயே இருந்தது. பின்னாளைய 12 வோல்ட் பீட்டில்களில் அதைப் பின்சீட்டுக்கு அடியில், இடது பக்கம் வைத்தார்கள். வெப்பமும் அதிர்வும் குறைவான இடம். நானும் அங்கேயே வைத்தேன். டி பிளஸ், டி.எஃப். இரண்டுக்கும் புது வயர் இழுத்தேன். கட்அவுட்டின் உடம்பிலிருந்து டைனமோவின் உடம்புக்குத் தனியாக ஒரு எர்த் வயரும் கொடுத்தேன். இரண்டுக்கும் எர்த் ஒன்றாக இல்லாவிட்டால் கட்அவுட் அளக்கிற வோல்டேஜே பொய்யாகிவிடும்.

ஆல்டர்னேட்டர் போட்டிருக்கலாமே என்று கேட்பார்கள். போடலாம்; ஐடிலிங்கிலும் சார்ஜ் ஏறும், ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும். ஆனால் என் காரில் ஹெட்லைட்டுக்கு 90 வாட், சின்ன விளக்குகள் எல்லாம் சேர்ந்து 30, இக்னிஷனுக்கு 40, வைப்பருக்கு 25 என்று கூட்டினாலும் 200 வாட்டைத் தாண்டவில்லை. 30 ஆம்பியர் டைனமோ ஓட்டத்தில் 360 வாட் தரும். தேவைக்கு மேலேயே இருக்கிறது, எஞ்சின் அறையும் பழைய முகத்தோடு இருக்கிறது.

காயில், சோக், செல்ஃப்

காயிலை மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் மறந்தால் பெரிய சேதம். பழைய காயிலின் பிரைமரி தடையை அளந்தேன்: 1.5 ஓம். அதை 12 வோல்ட்டில் போட்டால் 8 ஆம்பியர் பாயிண்ட் வழியாக ஓடும். பாயிண்ட் தீய்ந்துவிடும், காயில் கொதித்து வெடிக்கவும் கூடும். புதுக் காயில் 3.4 ஓம், மூன்றரை ஆம்பியர்தான். 15 என்ற முனைக்கு இக்னிஷன் வயர், 1 என்ற முனைக்கு டிஸ்ட்ரிபியூட்டர். பாயிண்ட் கேப் முன்போலவே 0.4 மி.மீ. டைமிங்கில் கை வைக்கவில்லை.

குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கின் எலிமென்ட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கார்புரேட்டரின் பக்கத்தில் வட்டமாக, மூன்று திருகு போட்ட மூடி. அதற்குள் ஒரு சூடேற்றும் கம்பி, அதன் வெப்பத்தில் விரியும் சுருள்வில். 6 வோல்ட் எலிமென்ட்டுக்கு 12 கொடுத்தால் எஞ்சின் சூடாவதற்கு முன்பே சோக் திறந்துவிடும். காலையில் வண்டி முக்கும், கொஞ்ச நாளில் கம்பியும் போய்விடும். மாட்டும்போது உள்ளே இருக்கும் கொக்கி சுருள்வில்லின் நுனியைப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப் மோட்டாரை மாற்றவில்லை. செல்ஃபின் பல் கோத்துச் சுழற்றும், எஞ்சினின் பெரிய சக்கரமான ஃப்ளைவீலில் 12 வோல்ட் பீட்டிலுக்கு 130 பல், என் காரில் 109. புது செல்ஃபின் பல் இதில் சேராது. ஃப்ளைவீலையே மாற்றப் போனால் எஞ்சினை இறக்க வேண்டும், பெரிய கிளட்ச் வரும், கியர்பாக்ஸில் கிளட்ச் அமரும் கூட்டை உள்ளே ராவ வேண்டும். 6 வோல்ட் செல்ஃப் 12 வோல்ட்டில் ஓடும், ரொம்ப வேகமாக ஓடும். சூடாவதற்கு நேரம் கொடுக்காமல் ஐந்து நொடிக்குள் விட்டுவிட்டால் போதும். பல் சேரும்போது அடி பலமாக விழும் என்பதால் ஃப்ளைவீலின் பல்வளையமான ரிங்கியர் சீக்கிரம் தேயும். தெரிந்தே ஏற்றுக்கொண்ட குறை அது. எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது என்பதில் மட்டும் இப்போது இரண்டு மடங்கு கவனமாக இருக்கிறேன்.

இதே நேரத்தில் கியர்பாக்ஸின் முன்மூக்கிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் எர்த் பட்டையையும் புதிதாகப் போட்டேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பரில் உட்கார்ந்திருக்கின்றன. இந்தப் பட்டை போய்விட்டால் செல்ஃபின் அத்தனை மின்சாரமும் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்ப வழி தேடும். என் பழைய பட்டையில் பாதி இழைகள் அறுந்து, மீதி பச்சை பூத்திருந்தது.

வைப்பர்

வைப்பர் மோட்டார் 6 வோல்ட்டில் சராசரியாக 3 ஆம்பியர் இழுத்தது. தொடராக 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் அதில் 6 வோல்ட் விழும், மோட்டாருக்கு மீதி 6 போகும் என்று கணக்கிட்டேன். ரெசிஸ்டரில் 18 வாட் சூடு பிறக்கும். அதனால் 50 வாட் அலுமினிய உறை வகையாகப் பார்த்து முன்பக்கத் தகட்டில் திருகினேன். கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நன்றாக ஓடியது.

கண்ணாடி காயக் காய ஓட்டம் தளர்ந்து, நடுக்கண்ணாடியில் நின்றேவிட்டது. காரணம் அப்புறம்தான் உறைத்தது. உராய்வு கூடினால் மோட்டார் அதிக மின்சாரம் கேட்கும். மின்சாரம் கூடினால் ரெசிஸ்டரில் விழும் வோல்டேஜும் கூடும். 4 ஆம்பியர் ஆனால் ரெசிஸ்டரே 8 வோல்ட்டைத் தின்றுவிட்டு மோட்டாருக்கு 4 மட்டும் விடும். மோட்டாருக்கு எப்போது பலம் தேவையோ அப்போது பார்த்து அதைப் பிடுங்கிக்கொள்கிற அமைப்பு அது. எப்போதும் ஒரே அளவு மின்சாரம் இழுக்கும் பொருளுக்கு ரெசிஸ்டர் சரி, மோட்டாருக்குச் சரிவராது.

அதைக் கழற்றிவிட்டு 12-இலிருந்து 6-க்கு இறக்கும் கன்வர்ட்டர் ஒன்றை வைத்தேன். முதலில் 5 ஆம்பியர் வகை. மோட்டார் கிளம்பும் நொடியில் கேட்கும் இழுப்பைத் தாங்காமல் அது தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. 15 ஆம்பியர் வகை போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. காய்ந்த கண்ணாடியிலும் அதே வேகம். இப்போது கையில் இதே வேலை வந்தால் ரெசிஸ்டர் பக்கம் திரும்பவே மாட்டேன்.

பேட்டரியை மாட்டிய நாள்

12 வோல்ட் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில், பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. கொஞ்சம் உயரம் அதிகம். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. சீட்டின் அடியில் இரும்பு ஸ்பிரிங், அதன்மேல் நார்த்திணிப்பு. கனமான ஒருவர் உட்கார்ந்து ஸ்பிரிங் பேட்டரியின் முனைகளைத் தொட்டால் நார் பற்றிக்கொள்ளும். பேட்டரிக்குக் கெட்டியான பிளாஸ்டிக் மூடி போட்டு, பிளஸ் முனைக்குத் தனி ரப்பர் தொப்பி போட்டு, சீட்டைப் பொருத்தி மேலே என் முழு எடையையும் வைத்து அழுத்திப் பார்த்தேன். பிறகு சீட்டை எடுத்து மூடியில் ஸ்பிரிங்கின் தடம் பதிந்திருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

எர்த் கேபிளை நேராக மாட்டவில்லை. பேட்டரியின் மைனஸுக்கும் எர்த் பட்டைக்கும் நடுவில் 21 வாட் பல்ப் ஒன்றைத் தொடராகக் கொடுத்தேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், வயர் எரியாது. பல்ப் மங்கலாக எரிந்தது. ஒரு கணம் பதறினேன். கதவு திறந்திருந்தது, உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்தியதும் பல்ப் அணைந்தது. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, பல்ப் எதிர்பார்த்த அளவில் எரிகிறதா என்று பார்த்த பிறகே எர்த்தை நிரந்தரமாக இறுக்கினேன்.

ஹாரன் மட்டும் அடிக்கவில்லை. புது ஹாரனைச் சந்தேகித்து நேராகப் பேட்டரியில் கொடுத்தால் அலறியது. பீட்டிலில் ஹாரனுக்குப் பிளஸ் எப்போதும் இருக்கும். ஸ்டியரிங் பட்டன் கொடுப்பது எர்த்தை. அந்த எர்த் ஸ்டியரிங் தண்டின் வழியாக இறங்கி, ரப்பர் கப்ளிங்கைத் தாண்ட ஒரு குட்டி வயரை நம்பியிருக்கிறது. அந்த வயர் அறுந்து தொங்கியது. ஆறு வோல்ட்டில் இருந்தபோது ஹாரன் அடிக்காததை ஹாரனின் வயதுக்குக் கணக்கெழுதி வைத்திருந்தேன்.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இவ்வளவு வேகமாகச் சுழன்று நான் கேட்டதே இல்லை. ஒரு நொடிகூட ஆகவில்லை, பிடித்துக்கொண்டது. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தியதும் சிவப்பு விளக்கு அணைந்தது. பேட்டரியில் 14.1 வோல்ட்.

அன்று இரவு ஓட்டிப் பார்க்கத் தம்பியையும் ஏற்றிக்கொண்டேன். ஹெட்லைட்டைப் போட்டதும் அவன்தான் சொன்னான், "அண்ணா, சார்ஜ் லைட் லேசா எரியுது பாரு."

உண்மைதான். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் சிவப்பு. ஹெட்லைட்டை அணைத்தால் அதுவும் போனது. டைனமோ வேலை செய்கிறது, பேட்டரியில் 14 இருக்கிறது, பிறகு ஏன்?

அந்தச் சிவப்பு விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று யோசித்தால் விடை அதிலேயே இருக்கிறது. அதன் ஒரு பக்கம் டைனமோவின் டி பிளஸ், இன்னொரு பக்கம் இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் வயர். இரண்டிலும் ஒரே வோல்டேஜ் இருந்தால் விளக்கு எரியாது. லேசாக எரிகிறது என்றால் ஒரு பக்கம் வோல்டேஜ் குறைகிறது என்று அர்த்தம். தம்பியை எஞ்சினைச் சீராகப் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு, ஹெட்லைட் எரிய, மீட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் வந்தேன். கட்அவுட்டிலிருந்து பேட்டரிக்குப் போகும் பி பிளஸ் முனையில் 14.0. பேட்டரியில் 13.9. பேட்டரியின் பிளஸ் வந்து சேரும், இக்னிஷன் சுவிட்சின் 30-ஆம் முனையில் 12.3.

இந்தக் காரில் பின்னாலிருந்து வரும் தடித்த சிவப்பு வயர் முதலில் லைட் சுவிட்சின் 30-ஆம் முனைக்கு வந்து, அங்கிருந்துதான் இக்னிஷன் சுவிட்சுக்குப் போகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு லைட் சுவிட்சைக் கழற்றி இழுத்தேன். செருகு முனை கைக்குச் சூடாக இருந்தது. பித்தளை கறுத்து, அதைப் பிடித்திருந்த உறை பழுப்பாகி உருகியிருந்தது. விரலால் அசைத்தால் ஆடியது. 6 வோல்ட்டில் பல்பில் 5.6-க்கு மேல் ஏறாமல் நின்றதே, மிச்சம் 0.5 வோல்ட்டில் பெரும்பங்கு இங்கேதான் ஒளிந்திருந்திருக்கிறது. அன்று விளக்குக் கிண்ணத்தையும் ஃபியூஸையும் தேய்த்த நான், சுவிட்சின் பின்பக்கத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். இந்த வேலை முழுவதும் வயர்களை இழுத்து அசைத்ததில் அந்தப் பிடி இன்னும் தளர்ந்துவிட்டது. மின்சாரம் பாதியாகியும் இங்கே இழப்பு கூடியதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

கருகிய வயரை இரண்டு அங்குலம் வெட்டி, பளிச்சென்ற செம்பு தெரியும்வரை பின்னுக்குப் போய், புது முனையை இறுக்கி நசுக்கி மாட்டினேன். சுவிட்சின் நாக்கையும் தேய்த்தேன். மறுபடி அளந்தேன்: பி பிளஸ்ஸில் 14.0, இக்னிஷன் சுவிட்சில் 13.8. சிவப்பு விளக்கு முழுவதும் இருட்டு. ஹெட்லைட் பல்பின் பின்னால் 13.4.

மறுநாளே மற்ற சுவிட்சுகளின் பின்பக்கத்தையும், ஃபியூஸ் பெட்டியின் அடியில் உள்ள செருகுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். இன்னும் இரண்டு இடம் தளர்வாக இருந்தது. அளக்கும் முறை எளிது. விளக்கு எரியும்போது மீட்டரின் ஒரு முனையை இணைப்புக்கு இந்தப் பக்கமும், மறு முனையை அந்தப் பக்கமும் வைத்தால் அந்த ஒரே இணைப்பில் எவ்வளவு விழுகிறது என்று நேராகக் காட்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டிய எதையும் விட்டுவைக்கவில்லை.

ஐடிலிங்கில் ஹெட்லைட் போட்டு நின்றால் சிவப்பு விளக்கு இன்னும் சிமிட்டுகிறது. டைனமோவின் இயல்பு அது. கொஞ்சம் வேகம் கொடுத்தால் போய்விடுகிறது.

கழற்றிய 6 வோல்ட் சாமான்கள் அனைத்தையும் துடைத்து, ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி, ஒரு மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். டைனமோ சீட்டில் புல்லி வாஷர் எத்தனை, ஃபேன் வாஷர் எத்தனை என்பதும் எழுதியிருக்கிறது. பேட்டரி மூடியின்மேல் பெரிய எழுத்தில் '12 வோல்ட், மைனஸ் எர்த்' என்று ஒட்டினேன். செல்ஃபின் பக்கத்திலும், வைப்பர் மோட்டாரின் பக்கத்திலும் '6 வோல்ட்' என்று தனித்தனியாக ஒட்டினேன். டேஷ்போர்டில் இருக்கும் பழைய ரேடியோவுக்கு மட்டும் இன்னும் இணைப்புக் கொடுக்கவில்லை. அதன் வயரின் நுனியில் டேப் சுற்றி, கன்வர்ட்டருக்குப் பக்கத்தில் மடக்கி வைத்திருக்கிறேன்.